கொடைக்கானலில் அடித்து எழுதிய ஒரு சொல்

பணியிடைப் பயிற்சி என்று ஆணை வந்தால் எங்கள் ஆசிரியர் அறையில் முதலில் இரண்டு பேருக்கு முதுகுவலி வரும். இன்னொருவர் வீட்டில் காதுகுத்து இருக்கும். இந்த முறை யாருக்கும் ஒன்றும் வரவில்லை. ஆணையில் இடம் என்று போட்ட இடத்தில் கொடைக்கானல் என்று இருந்தது. சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டும், குடிமையியல் கற்பித்தல் பற்றி, ஐந்து நாள். கணக்கு டீச்சர் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “உங்க பாடத்துல என்னத்த மாத்திட்டாங்கன்னு மலை மேல ஏத்துறாங்க?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கொடைக்கானல் மலை எதிரே நிற்கும். மேகம் இறங்கியிருந்தால் துணியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். நாற்பத்தேழு வயதில் மலைக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். மேலே போனது மூன்றே தடவை, மூன்றும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனது. பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்ததில் ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஒரு புதுமணத் தம்பதி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மாப்பிள்ளை எலுமிச்சம்பழத்தை மோந்தார். ஐந்தாவதில் ஜன்னல் பக்கம் மாறினார். ஏழாவதில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் இருந்த எல்லா ஜன்னலும் படபடவென்று மூடின. நடத்துநர் அசையவே இல்லை. “பொண்ணு நல்லாத்தான் இருக்கு, மாப்பிள்ளைக்குத்தான் முடியல. பரவால்ல, எறங்குறப்ப சரியாயிரும்” என்று ஓட்டுநரிடம் செய்தி வாசிப்பதுபோல் சொன்னார். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது.

பயிற்சி நடந்த இடம் ஒரு பழைய விடுதி. என் அறையில் கூடத் தங்கியவர் ஜெசிந்தா டீச்சர், பாச்சலூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர். கீழ்மலைக்காரர் என்பதால் குளிரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் மாதிரி பேசினார். இரண்டு போர்வையை என்னிடம் தள்ளிவிட்டு, “ஒண்ணு விரிக்க, ஒண்ணு போத்த. சாக்ஸ் போட்டுக்கங்க டீச்சர், வெக்கப்படாதீங்க” என்றார். நான் சேலைக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். அங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளும் காலையில் உப்புமா. இட்லி கேட்டதற்குச் சமையல்காரர், “மாவு புளிக்கணும்ல டீச்சர், ரெண்டு நாளாகுது” என்றார். எங்கள் ஊரில் காலையில் ஆட்டிய மாவு மத்தியானமே பாத்திரத்தை விட்டு எட்டிப் பார்க்கும். இங்கே மாவும் நம்மைப்போலப் போர்வை கேட்கிறது. ஆனால் ரசத்தில் தட்டிப் போட்ட மலைப்பூண்டு இருக்கிறதே, அதற்காக உப்புமாவை மன்னிக்கலாம். ஒரு பல்லுக்கே மூக்கு திறந்துகொண்டது.

முதல் நாள் வருகைப் பதிவேட்டில் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு கட்டம். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், காலையிலேயே இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். ஜெசிந்தா டீச்சர் இன்னும் தாராளம். அஞ்சு நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, “சோலி முடிஞ்சுது” என்று பேனாவை மூடினார். பயிற்சி கொடுக்கக் கருத்தாளராக வந்தவர் பிரபாகர் என்ற இளைஞர், சென்னைக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். “பரவாயில்லையே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு இன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டீங்க” என்று சிரித்தார். திட்டவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். “கிராம சபைக் கூட்டத்துல உட்கார்ந்து பார்த்தவங்க கை தூக்குங்க.” முப்பது பேர் இருந்த அறையில் மூன்று கைகள். அதில் ஒருவர், கூட்டம் தன் பள்ளியில் நடந்ததால் சாவி கொடுக்கப் போனதாகச் சொல்லிக் கையை இறக்கிக்கொண்டார். நான் பத்தொன்பது வருஷமாகக் கிராம சபை பாடம் நடத்துகிறேன். அட்டையில் வரைந்து வண்ணம் தீட்டி வகுப்பில் மாட்டியிருக்கிறேன். ஆண்டுக்கு எத்தனை முறை கூடும் என்பதில் அன்றைக்கு அரைமணி நேரம் சண்டையே போட்டோம், பழைய புத்தகத்தில் நாலு, இப்போது ஆறு என்று. ஒன்றுக்குக்கூடப் போகாதவர்கள் நாலா ஆறா என்று சண்டை போட்டது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

செவ்வாயும் புதனும் அறைக்குள்ளேயே போயின. குழு பிரித்தார்கள், அட்டை கொடுத்தார்கள், ஸ்கெட்ச் பேனா கொடுத்தார்கள். டீச்சர்களை மாணவர்களாக உட்காரவைத்தால் மாணவர்களைவிட மோசமாகப் பேசுவோம் என்பது உறுதியானது. சாயங்காலம் ஏரிப் பக்கம் போனோம். அதைச் சுற்றி எல்லாரும் சைக்கிள் மிதிக்கிறார்கள். நானும் ஒன்றை எடுத்துக் குதிரைக்காரர் ஒருவரை இடிக்கப் பார்த்தேன். அவர் குதிரையைத் தட்டிக் கொடுத்து, “அது ஒதுங்கிக்கும், நீங்க நேரா பாத்துப் போங்க மேடம்” என்றார். கொடைக்கானலில் எல்லாரும் மேடம்தான். விடுதியை விட்டு வெளியே வந்தால் டீச்சர் என்று கூப்பிட ஆளில்லாமல் இருந்தது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை எங்களை ஒரு சிறப்புக் கிராம சபைக்குக் கூட்டிப்போனார்கள். கவுஞ்சிக்குப் போகிற திசையில் ஒரு மேல்மலை ஊர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. பார்த்து, குறிப்பெடுத்து, அறிக்கை எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை. வேனில் பாட்டெல்லாம் பாடிக்கொண்டு போனோம். பாதி வழியில் பாட்டு நின்றது. எதிரே அரசுப் பேருந்து. சாலையோ ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கீழே யாரோ அழகாகப் படிப்படியாய் வெட்டி வைத்த கேரட் தோட்டம். எங்கள் வேன்தான் பின்னால் போக வேண்டும் என்றானது. ஜெசிந்தா டீச்சர் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டார். ஓட்டுநர், “கண்ணத் தொறந்து வச்சா எனக்கு ஒத்தாசையா இருக்கும் டீச்சர், பின்னாடி கல்லு இருக்கான்னு பாருங்க” என்றார்.

பேருந்து எங்களை ஒட்டிக் கடந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் மூட்டை. படியிலும் ஒரு மூட்டை. நடத்துநர் உள்ளே பார்த்து, “ஏலே, பீன்ஸ் மூடை வாசல்ல கெடக்கு, உள்ள தள்ளுல” என்று கத்தினது நன்றாகக் கேட்டது. ஒன்பது மணி வண்டி அது. பள்ளிக்கூடப் பை ஒன்றைக்கூட நான் அதில் பார்க்கவில்லை. அப்போது அதைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஸ்வெட்டரும் தலைப்பாகையுமாக அறுபது எழுபது பேர். எங்களுக்குக் கடுங்காப்பியும் அவித்த உருளைக்கிழங்கும் வந்தன, தொட்டுக்கொள்ளப் பூண்டுச் சட்னி. அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஜனநாயகம் தொடங்கியது. பெண்கள் பக்கத்தில் ஒரு சிறுமி பள்ளிச் சீருடையில், பையோடு, இரட்டைச் சடையில் ரிப்பனோடு நின்றிருந்தாள். வேலை நாளில் இவள் ஏன் இங்கே நிற்கிறாள் என்று டீச்சர் புத்தி கேட்டது.

ஊராட்சிச் செயலருக்கு வலது கையில் பெரிய கட்டு. மூட்டை ஏற்றும்போது விரல் நசுங்கிவிட்டதாம். தீர்மானப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். “டீச்சருங்க வந்திருக்கீங்க, கையெழுத்து நல்லாருக்கும். நான் சொல்லச் சொல்ல யாராச்சும் எழுதித் தர்றீங்களா?” ஜெசிந்தா டீச்சர் என்னைத்தான் கை காட்டினார். என் கையெழுத்து உருண்டையாக, அச்சு மாதிரி இருக்கும். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டக் குறிப்பு எல்லாம் என் கைதான். பெருமையாகவே போய் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு விஷயமும் குடிதண்ணீரும் தெருவிளக்கும். வெரசா முடிந்தன. மூன்றாவது பேருந்து. காலை ஏழரைக்குக் கொடைக்கானல் போய்க்கொண்டிருந்த வண்டியை மூன்று மாதமாகச் சோதனைக்காக ஒன்பதுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதையே நிரந்தரமாக்கலாமா என்று ஊரின் கருத்தைக் கேட்டுப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. செயலர் சொன்னார்: “பேருந்து நேரத்தைக் காலை ஒன்பது மணியாகவே நிரந்தரமாக்கக் கோரி...” அவர் மூச்சு விடுவதற்குள் என் கை மீதியை எழுதி முடித்துவிட்டது. ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ அவர் எட்டிப் பார்த்து, “அட, டீச்சருக்குச் சொல்லவே வேண்டாம்” என்று பாராட்டினார். இன்னும் ஒருவர்கூடக் கை தூக்கியிருக்கவில்லை.

புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. பெண்கள் பக்கம் போனதும் நின்றது. சீருடைச் சிறுமியின் தோளில் கை வைத்திருந்த அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பழனியம்மாள் என்று பிறகு தெரிந்தது. “இதுல எழுதியிருக்கிறத வாசிங்க டீச்சர்” என்றார். வாசித்தேன்.

“ஒருமனதாகன்னா?”

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்மா.”

“நான் ஒத்துக்கலையே.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் வாயில் வந்தது இதுதான்: “அது வழக்கம்மா. எல்லாத் தீர்மானத்துலயும் அப்படித்தான் எழுதுவோம்.”

“வழக்கமாப் பொய் எழுதுவீங்களா டீச்சர்?” என்று கேட்டார். கோபமே இல்லை. கடையில் விலை கேட்பதுபோல் கேட்டார். காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு, அந்தக் குளிரில்.

அவர் மகளை முன்னால் தள்ளி நிறுத்தினார். “இவ காவியா. ஒம்பதாவது. யூனிபாரத்தோட நிப்பாட்டணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். ஏழரை வண்டில போனா பெல்லடிக்க முன்னாடி போயிருவா. ஒம்பது வண்டில போனா முதப் பீரியடு முடிஞ்சுருது. நடந்து அனுப்பலாம்னா வழியெல்லாம் காட்டுமாடு நிக்கிது.”

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. “எம்புட்டு வெள்ளனே எந்திரிச்சாலும் ஏழரைக்குள்ள பறிச்சு மூடை கட்ட முடியலம்மா. அந்த வண்டிய விட்டா மறுநாளு பீன்ஸு முத்திப் போயிரும். ஊருல எல்லாரும் அதுலதான் பொழைக்கிறோம், நீயுந்தான்.”

“பீன்ஸு ஒரு நாள்ல முத்திருதுங்கய்யா, ஒத்துக்கறேன். எம்மக மூணு மாசமா முதப் பீரியடு பாக்கல. அதையும் யாராச்சும் எழுதுங்க.”

நான் காவியாவிடம், “முதல் பீரியட் என்ன பாடம்?” என்று கேட்டேன்.

“சோசியல் மிஸ்.”

முப்பது சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒன்றாக வாயை மூடிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செயலர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். “டீச்சர், அடித்தல் திருத்தல் இருந்தா மேல கேள்வி வரும். அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன், விட்டுருங்க.” அவர் கெட்டவர் இல்லை. எங்கள் பள்ளியில் நானும் இதையே சொல்லியிருப்பேன், சொல்லியும் இருக்கிறேன். பிரபாகர் சார் தார்ப்பாய்க் கம்பத்தில் சாய்ந்து நின்றார். பயிற்சி கொடுக்க வந்தவர் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை தூக்கச் சொல்லுங்க சார். எண்ணி எழுதிக்கிறேன்” என்றேன் செயலரிடம்.

எண்ணினார்கள். ஒன்பது மணிக்கு ஆதரவாகக் கூட்டத்தில் பெரும்பகுதி. எதிர்த்து மூன்று கைகள்: பழனியம்மாள், அவர் பக்கத்தில் ஒரு பெண், பின்னால் மப்ளர் சுற்றிய ஒருவர். எல்லாரும் பெண்பிள்ளைகளைக் கொடைக்கானலில் படிக்கவைப்பவர்கள். தோற்றுத்தான் போனார்கள். நான் ‘ஒருமனதாக’ மேல் ஒரு கோடு இழுத்தேன். இழுக்கும்போது பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டது. மேலே ‘பெரும்பான்மையோர் ஆதரவுடன்’ என்று எழுதினேன். கீழே இப்படி எழுதினேன்: ‘பழனியம்மாள் உள்ளிட்ட மூன்று பேர் மறுப்புத் தெரிவித்தனர். ஒன்பது மணி வண்டியில் சென்றால் பள்ளியில் முதல் பாடவேளை தவறிவிடுகிறது என்பது அவர்கள் கூறிய காரணம்.’ திருத்தத்துக்குப் பக்கத்தில் செயலர் இடது கையால் சுருக்கொப்பம் போட்டார். அது கோழி நடந்த மாதிரி இருந்தது, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பழனியம்மாள் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மறுப்பு என்றால் என்ன என்று கேட்டார். ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம் என்றேன். “சரி” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது வேனில் யாரும் பாடவில்லை. ஜெசிந்தா டீச்சர் மட்டும் வெகுநேரம் கழித்து, “நான் அஞ்சு நாளுக்கும் கையெழுத்துப் போட்டது தப்புத்தான், என்ன?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதால் பயிற்சி பத்தரைக்கு. வீட்டுக்கு வாங்கிப்போகலாம் என்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டர் ஃப்ரூட் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது மணி வண்டி வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து காவியா இறங்கினாள். இறங்கின வேகத்தில் ஓடினாள். நானும் பழத்தை விட்டுவிட்டுக் கூடவே போனேன். கூட ஓடினேன் என்று எழுத ஆசைதான், மேட்டில் மூச்சு வாங்கியது.

“இன்னிக்கு என்ன லெசன்மா விட்டுப் போச்சு?”

“உள்ளாட்சி மிஸ். இப்ப முடிச்சிருப்பாங்க.”

“கேட் வரைக்கும் நடந்துக்கிட்டே நான் சொல்லித் தர்றேன், கேளு” என்றேன்.

“கிராம சபை தெரியும் மிஸ். எங்கம்மாதான் நேத்து நடத்துனாங்களே” என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்குள் ஓடிவிட்டாள். அங்கே கையில் பதிவேடு வைத்துக்கொண்டு ஒரு மிஸ் நின்றிருந்தார். தாமதமாக வந்தவர்களின் பெயரை எழுதத்தான்.

மத்தியானம் நிறைவு விழா. சான்றிதழ், குரூப் போட்டோ. பிரபாகர் சார் பின்னூட்டக் குறிப்பை வாசித்தார். “பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்ததென...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, எங்களைப் பார்த்து, “யாருக்காவது மறுப்பு உண்டா?” என்றார். ஜெசிந்தா டீச்சர் எழுந்து, “உப்புமாவுக்கு நான் மறுப்புங்க சார். எழுதிக்கங்க” என்றார். எழுதிக்கொண்டார். பிற்பகல் கட்டத்தில் நான் பிற்பகலில்தான் கையெழுத்துப் போட்டேன். அது பெரிய காரியம் ஒன்றும் இல்லை, ஆனாலும் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஊருக்கு இறங்கியதும் வெயில் வந்து ஒட்டிக்கொண்டது. சாக்ஸைக் கழற்றினேன். மாவு ஒரே மத்தியானத்தில் புளித்தது. அடுத்த மாதம் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் கை தூக்கச் சொன்னபோது தலைமையாசிரியர், “மலைக்குப் போய் வந்ததிலிருந்து டீச்சர் கூட்டத்தை இழுக்குறாங்க” என்று எல்லாருக்கும் கேட்கும்படி அலுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் இடைவேளையில் போன் வந்தது. மேல்மலைச் செயலர். “டீச்சர், நீங்க இழுத்த கோட்டால எனக்கு வேலை வந்துருச்சு” என்றார். மேலே திருத்தத்தைப் பார்த்துவிட்டு, இது ஏன் ஒருமனதாக இல்லை என்று விசாரிக்க ஓர் அதிகாரியை ஊருக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன். “எனக்கென்ன டீச்சர், கையே சரியாப் போச்சு. இந்தாங்க, அந்தம்மா பேசணுமாம்.”

பழனியம்மாள் நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. “டீச்சர், வண்டி இன்னும் ஒம்பதுக்குத்தான் வருது. ஆபீசரு வந்தாரு. புஸ்தகம் பூட்டிக் கெடந்துச்சு, செயலரு சாவி எடுக்கப் போயிட்டாரு. என்ன எழுதியிருக்குன்னு எங்கிட்டக் கேட்டாரு. பாக்காமச் சொன்னேன்.” சொல்லிவிட்டு எனக்கும் சொல்லிக் காட்டினார். பழனியம்மாள் உள்ளிட்ட மூன்று பேர் மறுப்புத் தெரிவித்தனர் என்று தொடங்கி முதல் பாடவேளை, காரணம் வரைக்கும், என் வாக்கியம், ஒரு எழுத்து பிசகாமல். பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதியதை ஒருவர் மனப்பாடம் செய்தது அதுதான் முதல் தடவை.

“ஒரே ஒரு இடந்தான் இப்ப தப்பாயிருக்கு டீச்சர்” என்றார்.

எனக்கு மறுபடியும் காது சூடாகியது. “எதும்மா?”

“மூணு பேருன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்குப் பீன்ஸுக்குப் பேசுனாருல்ல, அந்தப் பெரியவரு பேத்தியும் இப்ப ஆறாவதுக்கு அதே வண்டிலதான் போகுது. பதினோரு பேரு இருக்கோம்.”

மணி அடித்தது. எனக்கு ஒன்பதாம் வகுப்பு இருந்தது.